காரணமே இல்லாமல்

அன்புள்ள ஐயா,

டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் கிரேடு. வகுப்பில் காரணமே இல்லாமல் பென்சிலை வீசுகிறான், மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான், கூப்பிட்டால் கத்துகிறான். வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளியிலிருந்து போன் வந்துவிடும், வந்து அழைத்துப் போங்கள் என்று. அவனைப் பரிசோதித்துப் பாருங்கள் என்று டீச்சரிடம் இரண்டு தடவை சொன்னேன். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்கிறார். எழுதிக் கேட்டால் அவர் மனம் நோகுமோ என்று தயக்கம். பையன் மேல் முத்திரை விழுந்துவிடும் என்கிறார் கணவர். வீட்டில் தமிழ் பேசுவதால்தான் குழப்பமோ? என்ன செய்யலாம்?

க.

அன்புள்ள க.,

தமிழை விடுங்கள். அதாவது, விடாதீர்கள். இரண்டு மொழி காதில் விழுவதால் எந்தக் குழந்தையும் பென்சிலை வீசுவதில்லை. முத்திரையா? வாரம் இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பப்படுகிற பையன் மேல் அது ஏற்கெனவே விழுந்தாயிற்று என்று கணவரிடம் சொல்லுங்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் 'காரணமே இல்லாமல்'தான். உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் அது நான்கு இடத்தில் வருகிறது. அதிலேயே போன் வரும் நேரத்தையும் எழுதியிருக்கிறீர்கள்: ஒன்றேகால், ஒன்றரை. அந்த நேரத்தில் வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்டீர்களா? கேட்டதாகத் தெரியவில்லை. பெற்றவளே கேட்காவிட்டால் யாரம்மா கேட்பார்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் கேட்காதவன்தான்.

1986இல் சேலம் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தேன். ஆளுக்கொரு பத்தியாக வரிசையில் வாசிக்கச் சொல்வேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன். நான்கைந்து பேர் வாசித்திருப்பார்கள், இவன் பக்கத்துப் பையன் தொடையில் காம்பஸால் குத்துவான். 'வெளியே போய் நில்லுடா' என்பேன். வேப்பமரத்தடியில் போய் நிற்பான். அழமாட்டான், கெஞ்சமாட்டான். திமிர் என்று நினைத்தேன். அந்த வருஷம் முழுக்க அவன் ஒரு வரிகூட வாசிக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இருபது வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறானாம். 'எனக்கு எழுத்துக் கூட்டவே வராது சார். யாருக்கு எந்தப் பத்தின்னு விரல்ல எண்ணிக்கிட்டே இருப்பேன். எனக்கு முன்னால ரெண்டு பேர் இருக்கும்போது ஏதாச்சும் பண்ணிருவேன். நீங்க வெளிய அனுப்பிருவீங்க' என்று சிரித்தான். சொல்லிவிட்டு ரசத்துக்கு இலையில் குழி பறித்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது அவனுக்குக் கூலி. ஒருநாள் தவறாமல் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் பையனை வீட்டுக்கு அனுப்புவதும் அப்படியொரு கூலியாக இருக்கலாம். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் அங்கே ஃபங்ஷனல் பிஹேவியரல் அசெஸ்மென்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வீசுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, வீசியதும் அவனுக்கு என்ன கிடைத்தது என்று வகுப்பில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பார்கள். அமெரிக்கச் சட்டத்தில் 1997இலேயே அது ஏறிவிட்டது. மகள் வீட்டுக்கு அந்தப் பக்கம் வந்திருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

டீச்சரிடம் வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. முழு மதிப்பீடு வேண்டும், நடத்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று உங்கள் பள்ளி மாவட்டத்தின் ஸ்பெஷல் எஜுகேஷன், அதாவது சிறப்புக் கல்வி, இயக்குநருக்கு எழுதுங்கள். டெக்சாஸில் எழுத்தில் கேட்டால் 15 பள்ளி நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். முடியாது என்றால் ஏன் என்பதையும் எழுதித் தர வேண்டும். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டபின் பொதுவாக 45 பள்ளி நாளுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். 'பொறுத்துப் பார்ப்போம்' என்பதற்கு அந்த மாநிலத்தில் ஒரு பழைய கதை உண்டு. 2004இலிருந்து, சிறப்புக் கல்வியில் 8.5 சதவீதப் பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுபோல மாநிலமே ஓர் அளவு வைத்திருந்தது. 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் என்ற நாளிதழ் அதை வெளியே கொண்டுவந்தது. உங்கள் டீச்சரைச் சொல்லவில்லை. பாவம், அவருக்கும் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள். ஆனால் மனம் நோகுமே என்கிறீர்களே, நோகட்டும். ஒருவர் அன்றைக்கு என் மனத்தை நோகடித்திருந்தால் அந்தப் பையன் வேப்பமரத்தடியில் நின்றிருக்க மாட்டான்.

கடிதம் அனுப்புவது இருக்கட்டும். நாளைக்கே ஒன்றேகால் மணிக்கு என்ன பாடம் என்று கேட்டுவிடுங்கள். கேட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.