காசிக்கு வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்: ரயில் ஏறலாமா?

கேள்வி: வரும் திங்கட்கிழமை சென்னை சென்ட்ரலிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் காசிக்குக் கிளம்புகிறோம். நான், மனைவி, அப்பா (71), அம்மா (66). ஏஜென்ட் மூலம் நான்கு பேருக்கும் ஒரே ஸ்லீப்பர் இ-டிக்கெட் எடுத்தோம். எனக்கும் மனைவிக்கும் கன்ஃபர்ம் ஆகிவிட்டது. அப்பா, அம்மா இன்னும் வெயிட்டிங் லிஸ்ட் 6, 7. "ஏறி உட்காருங்க, டிக்கெட் பரிசோதகர் பார்த்துக்குவார், இல்லேன்னா ஆளுக்கு 800 ரூபாய் கொடுங்க, கோட்டாவுல போட்டுத் தர்றேன்" என்கிறார் ஏஜென்ட். என்ன செய்யலாம்?
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: முதலில், அந்த 800 ரூபாயைக் கொடுக்காதீர்கள். இரண்டாவது, "பரிசோதகர் பார்த்துக்குவார்" என்ற பேச்சை நம்பி வயதானவர்களை ஏற்றாதீர்கள். முன்பதிவு கவுண்டரிலும் பிறகு ஓடும் ரயிலில் பரிசோதகராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பார்த்துக்கொள்ள எங்கள் கையில் பெர்த் இருந்தால்தானே? ஏறாதவர்களின் இடம் ஒன்றிரண்டு காலியானாலும், அதில் முதல் உரிமை ஆர்.ஏ.சி.காரர்களுக்கு. அவர்கள் பக்கவாட்டு பெர்த்தில் இருவராக உட்கார்ந்துகொண்டு காத்திருப்பார்கள். ஆர்.ஏ.சி. என்றால் உட்கார இடம் உறுதி, ஏறலாம். வெயிட்டிங் லிஸ்ட் என்றால் எதுவுமே உறுதியில்லை. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் நிறையப் பேர்.

ஒருமுறை கூடூர் தாண்டியதும் ஒரு பெட்டியில் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தம்பதி, தங்கள் சூட்கேஸ்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் மடியில் மஞ்சள் துணிப்பை. உள்ளே ராமேஸ்வரத்து மணல், கங்கையில் கரைப்பதற்கு. பெரியவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த டிக்கெட்டை நீட்டினார். இரண்டு பேருமே வெயிட்டிங். இ-டிக்கெட்டில் எல்லோருமே வெயிட்டிங்கில் நின்றுவிட்டால், சார்ட் (ரயில் கிளம்பும் முன் போடும் இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்டதும் அது தானாக ரத்தாகிவிடும். அதோடு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணம்தான். கட்டணமும் அபராதமும் சேர்த்து ரசீது எழுத வேண்டியவன் நான். "ஏஜென்ட் ஏறச் சொன்னார் ஐயா" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

உங்கள் டிக்கெட் இதிலிருந்து வேறுபட்டது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலர் பணத்தை விடுவது இங்கேதான். ஒரே டிக்கெட்டில், அதாவது ஒரே பி.என்.ஆர். எண்ணில், இருவர் கன்ஃபர்ம், இருவர் வெயிட்டிங் என்றால் அந்த டிக்கெட் தானாக ரத்தாகாது. நால்வர் பெயரும் சார்ட்டில் வரும். அப்பா, அம்மாவுக்கு பெர்த் மட்டும் வராது. தானாக ரத்தாகாததால் பணமும் தானாகத் திரும்பாது. "ரயில்வேயே பணத்தை அனுப்பிவிடும்" என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் நால்வர் கட்டணமும் போய்விடும். பயணமே வேண்டாம் என்று முடிவெடுத்தால், ரயில் கிளம்பும் நேரத்துக்கு 30 நிமிடம் முன்பாவது ரத்து செய்ய வேண்டும். சார்ட் போட்ட பிறகு என்றால் அதே கெடுவுக்குள் டி.டி.ஆர். போட வேண்டும். (நம் ஊரில் டி.டி.ஆர். என்று பரிசோதகரைச் சொல்வார்கள். இது அவரில்லை, பணம் திரும்பக் கேட்டு ஆன்லைனில் போடும் மனு.) அப்படிச் செய்தால், கன்ஃபர்ம் ஆன உங்கள் இருவருக்கும் சேர்த்தே, ஆளுக்கு 60 ரூபாய் பிடித்தம் போக, முழுப் பணமும் கிடைக்கும். இவ்வளவு பெரிய சலுகையைக் கொடுத்துவிட்டு, டிக்கெட்டில் அதைத் தமிழில் நாலு வரி எழுதி வைக்க இந்த நிர்வாகத்துக்கு ஏன் மனம் வரவில்லை?

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏஜென்ட் எடுத்த இ-டிக்கெட்டை அவருடைய கணக்கு வழியாகத்தான் ரத்து செய்ய முடியும். சென்ட்ரல் கவுண்டரில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பணமும் அவர் கணக்குக்குத்தான் போகும். ரத்து செய்யும்போது டிக்கெட்டில் உள்ள கைபேசி எண்ணுக்கு, எவ்வளவு பணம் திரும்புகிறது என்ற விவரத்தோடு ஓ.டி.பி. வரும். பணம் கைக்கு வந்த பிறகு அந்த ஓ.டி.பி.யை ஏஜென்ட்டிடம் சொல்லுங்கள். உங்கள் கைபேசி எண்ணுக்குப் பதிலாகத் தன் எண்ணையே போட்டு வைக்கும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். டிக்கெட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

சரி, அந்த 800 ரூபாய் கோட்டா. அவசரக் கோட்டா என்று ஒன்று உண்மையில் இருக்கிறது. கடிதத்தின் பேரில் ரயில்வே அதிகாரிகள் ஒதுக்குவது. அது விற்பனைக்கு இல்லை. இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது தெரியுமா? பத்துப் பேரிடம் வாங்குவார்கள். 6, 7 என்ற எண்கள் பல நேரம் தானாகவே நகர்ந்து கன்ஃபர்ம் ஆகிவிடும். ஆனவர்களின் பணம் அவருக்கு, ஆகாதவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து நல்ல பெயரும் வாங்கிக்கொள்வார். அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் ஸ்லீப்பர் டிக்கெட் ஒன்றுக்கு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 20 ரூபாய், ஏசிக்கு 40. அங்கீகாரமே இல்லாமல் டிக்கெட் வியாபாரம் செய்தால் ரயில்வே சட்டம் 143-ம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. காசி போகத் துடிக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! கங்கா காவேரி வாரத்துக்கு 2 நாள்தான். ராமேஸ்வரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் பனாரஸுக்குப் போகிற ரயில்கள் வாரம் ஒருமுறை. ரயிலைக் கூட்டாதவரை இந்த ஆட்களுக்குப் பிழைப்பு நடக்கத்தான் செய்யும்.

வெயிட்டிங் எண் பெயர் வரிசைப்படிதான் விழும். உங்கள் ஏஜென்ட் சின்னவர்கள் பெயரை முதலில் போட்டதால் பெரியவர்கள் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். நால்வரையும் ஒன்றாகப் போட்டதில் லோயர் பெர்த் கோட்டாவும் போயிற்று. 60 வயது கடந்த ஆண்கள், 45 கடந்த பெண்கள் தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ டிக்கெட் எடுத்தால்தான் கணினி அந்தக் கோட்டாவைப் பார்க்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஞாயிறு காலை 11 மணிக்கு அப்பா, அம்மா இருவருக்கு மட்டும் ஸ்லீப்பர் தட்கலில் (கடைசி நேர முன்பதிவு) முயலுங்கள். முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்குத் தடை என்பதால் ரயில்வேயின் டிக்கெட் தளமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் உங்கள் சொந்தக் கணக்கில் போடுங்கள். கிடைத்தால், பழைய டிக்கெட்டில் அவர்கள் இருவரை மட்டும் சார்ட் போடும் முன் ரத்து செய்யச் சொல்லுங்கள். கிடைக்காமல், வெயிட்டிங்கும் நகராமல் போனால் இரண்டு பெர்த்தில் நால்வர், இரண்டு ராத்திரி. 71 வயதில் அது வேண்டாம். நால்வரையும் ரத்து செய்துவிட்டு வேறு தேதி பாருங்கள். முன்பதிவு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். பெரியவர்களுக்குத் தனி டிக்கெட்.

ஆன்லைன் தட்கலுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். அதை இன்றைக்கே முடித்து வையுங்கள். ஞாயிறு பத்தே முக்காலுக்கு உட்கார்ந்து அதைத் தொடங்கினால், ஓ.டி.பி. வருவதற்குள் பெர்த் தீர்ந்துவிடும்.