வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டப் போகிறேன். வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது, பாதுகாப்புக்கு அது போதாதா?

போதாது. நீங்கள் கட்டப்போவது இசிசி83 வால்வு ஒன்று, இஎல்84 அவுட்புட் வால்வு ஒன்று போட்ட சிங்கிள் எண்டட் (அவுட்புட்டில் ஒரே வால்வு) செட். அதில் ஆளைக் கொல்லக்கூடிய இடம் மெயின் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம், செகண்டரியில் (செட்டுக்கு வோல்டேஜ் கொடுக்கும் சுற்றில்) இருக்கிறது. பிளேட் சப்ளையை (வால்வின் பிளேட்டுக்குப் போகும் உயர் வோல்டேஜை) தொட்டால் உங்கள் உடம்பு வழியே போகும் கரண்ட் சேசிஸ் (செட்டின் உலோகச் சட்டம்) வழியாக அதே செகண்டரிக்குத் திரும்பிவிடும். ஆர்சிசிபிக்கு அது தெரியவே தெரியாது. பிரைமரியிலிருந்து (வீட்டு லைன் வந்து சேரும் சுற்றிலிருந்து) சேசிஸுக்கு லீக் ஆனால்தான் அது டிரிப் ஆகும். அதற்காக அது வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். வைண்டிங் கடை அண்ணாச்சியிடம் 220-0-220 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் என்று சொல்லிச் சுற்றினால், 1என்4007 டயோடு இரண்டு போட்டு, கண்டன்சரில் 311 வோல்ட் (220-இன் 1.414 மடங்கு) நிற்கும். ராத்திரி பம்ப்செட்டெல்லாம் நின்றபின் லைனில் 230-க்குப் பதில் 253 வந்தால் அது 342. வால்வு சூடாகும்வரை லோடு இல்லாததால் இன்னும் கொஞ்சம் ஏறும். அதனால் 350 வோல்ட் கண்டன்சர் வேண்டாம். 450 வோல்ட் வாங்குங்கள். 47 மைக்ரோஃபாரட் இரண்டு, நடுவில் 470 ஓம் 5 வாட்.

சுவிட்சை அணைத்த பிறகும் இந்த இரண்டு கண்டன்சரும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். வால்வு ஹீட்டர் எரியாத செட்டில் அது இறங்க வழியே இல்லை. ஆகவே பிளீடர் (சார்ஜை இறக்கும் ரெசிஸ்டர்) கட்டாயம்: 100 கிலோ ஓம் 2 வாட் இரண்டைத் தொடராக, நேரே கண்டன்சர் காலிலேயே பற்றவையுங்கள். ஒன்று போதுமே என்று கால் வாட் ரெசிஸ்டர் போடுவார்கள். அது தாங்குவது பொதுவாக 250 வோல்ட்தான், ஒருநாள் சத்தமில்லாமல் ஓபன் ஆகிவிடும். சரியாகப் போட்டால் ஒரு நிமிஷத்தில் 15 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். ஆனாலும் பிளீடரை நம்பிக் கை வைக்காதீர்கள். மீட்டரின் கறுப்பு வயரைச் சேசிஸில் கிளிப் போட்டு, ஒரு கையால் மட்டும் அளந்து பாருங்கள். மிச்சமிருந்தால் 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கம்பில் கட்டி ஐந்து விநாடி பிடித்தால் இறங்கிவிடும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணுகிற பழக்கம் மைக்செட் ஆட்களிடம் உண்டு. கண்டன்சரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து. சித்திரை வேர்வையில் கை ஈரமாக இருக்கும்போது ஷாக்கின் வேகம் தனி.

எர்த்: மூன்று பின் வயர், பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு, எர்த்துக்கென்று தனி போல்ட். டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டில் சேர்க்காதீர்கள். திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி மணலில் இறக்கிய எர்த் கோடையில் காய்ந்து பேருக்குத்தான் இருக்கும். எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வந்தால் நல்லது. ஸ்பீக்கர் வைண்டிங்கின் ஒரு முனையையும் சேசிஸில் சேர்த்துவிடுங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போனால் ஸ்பீக்கர் வயரில் 300 வோல்ட் வருவதற்குப் பதில் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் அளவு: மெயின் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் 500 மில்லி ஆம்பியர், அதன் செகண்டரி சென்டர் டேப்பில் (நடு முனையில்) 250, இரண்டும் ஸ்லோ ப்ளோ (மெதுவாக உருகும் வகை).

முதல் தடவை ஆன் பண்ணும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடராக வையுங்கள் (எல்இடி பல்பு இதற்கு உதவாது). பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காவிட்டால் எங்கோ ஷார்ட். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாது. சிக்னல் வரும்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் வோல்டேஜ் எகிறி வால்வு பேஸில் பொறி பறக்கும்.

இஎல்84-இன் கேதோடில் 150 ஓம் போட்டிருந்தால் 3-ஆம் காலில் 7 வோல்ட் அளவில் வரவேண்டும். 10-க்கு மேல் வந்து பிளேட் சிவந்தால் உடனே அணையுங்கள். பெரும்பாலும் குற்றவாளி கப்ளிங் கண்டன்சர் (இசிசி83-இலிருந்து இஎல்84-க்குச் சிக்னலைக் கடத்துவது): லீக் ஆகி, 2-ஆம் காலுக்கு (கிரிட்) பாசிட்டிவ் வோல்டேஜ் விடும். பழைய ரேடியோவில் கழற்றியதைப் போட்டிருந்தால் அது அநேகமாக நிச்சயம். 630 வோல்ட் புதுசு ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் வால்வைச் சந்தேகப்படுங்கள்.