ஒன்பதாவது கேள்வி

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு மாணவி நான். ஒரு பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து நான்கு வாரம் ஆகிறது. சென்ற வாரம்தான் முதன்முறையாக ஒரு மாணவியிடம் தனியாகப் பேசினேன். மனச்சோர்வை அளவிடும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.ஹெச்.க்யூ-9 படிவத்தையும் வாய்மொழியாகவே கேட்டு நிரப்பினேன். தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வியில், “அந்த மாதிரி எண்ணமெல்லாம் ஒன்றும் இல்லையே?” என்றேன். “இல்லை” என்றாள். பேசியதை எழுதிக் காட்டியதும் என் மேற்பார்வையாளர் மேடம், ஒரு வாரம் யாரையும் தனியாகப் பார்க்க வேண்டாம் என்றுவிட்டார். இந்தத் துறை எனக்குச் சரிப்படாதோ?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் ஒரு கண்டிப்பு. எழுதிய பதிவின் நகலைக் கடிதத்தோடு இணைத்திருக்கிறீர்கள். பெயரை அடித்துவிட்டீர்கள், சரி. துறை, விடுதி, சொந்த ஊர் மூன்றும் அப்படியே இருக்கின்றனவே! முதல் பக்கத்தோடு நிறுத்திக் கிழித்துப் போட்டேன். இதையும் உங்கள் மேடத்திடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி அந்த “இல்லையே”. நம் மொழியில் அந்த ஏகாரம் பொல்லாதது. “சாப்பாட்டில் உப்பு அதிகமில்லையே?” என்று கேட்கும் மாமியாரிடம் எந்த மருமகள் “ஆமாம், அதிகம்” என்பாள்? பதிலை நீங்களே கையில் கொடுத்துவிட்டீர்கள். அவள் திருப்பித் தந்தாள், அவ்வளவுதான். அந்தப் படிவத்தில் மொத்தம் 27 மதிப்பெண். கூட்டுத்தொகை ஐந்தாறுதான் என்றாலும், ஒன்பதாவதில் ஒரு மதிப்பெண் விழுந்தால் அங்கே நின்று விசாரிக்க வேண்டும். நீங்கள் கேட்ட விதத்தில் அது விழவே வழியில்லை.

நேராகக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அது தவறு. “கடந்த இரண்டு வாரத்தில் செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா? உங்களையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றியதா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவதுதான் கஷ்டம். என் பயிற்சிக் காலத்தில் ஒரு மாணவன் அழத் தொடங்கியதுமே “எல்லாம் சரியாகிவிடும்” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனான்; திரும்ப வரவே இல்லை. அழுகையை நிறுத்தியது அவனுக்காகவா, எனக்காகவா என்று என் மேற்பார்வையாளர் கேட்டார். இன்றுவரை உறுத்துகிறது.

உடன் பயிலும் தோழியை எதிரே உட்காரவைத்து, அவள் “ஆமாம், தோன்றியது” என்று சொல்லும்படி ஒத்திகை பாருங்கள். அடுத்து என்ன கேட்பீர்கள்? திட்டம் இருக்கிறதா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றது உண்டா, இன்றிரவு உடன் யார் இருப்பார்கள்? நிஜத்தில் ஒரு மாணவி அப்படிச் சொன்னால், அவளைத் தனியே விடாமல் மேற்பார்வையாளரை அழைக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் 24 மணி நேரமும் இயங்குவது, அவளிடம் கொடுத்தனுப்புங்கள். ஆனால் எண்ணைக் கொடுத்ததோடு கை கழுவக் கூடாது.

ஒரு வாரம் நிறுத்தியது தண்டனையல்ல. பயிற்சி மாணவர்களைப் பதிவேடு எழுதவிட்டு, எழுதியதைத் திரும்பிக்கூடப் பார்க்காத மையங்கள் இருக்கின்றன. உங்களுக்கு வரிவரியாகப் படிக்கும் ஒருவர் கிடைத்திருக்கிறார்.

கேள்வி: மையத்துக்கு வரும் மாணவனின் அப்பா தொலைபேசியில், “என் பையன் என்ன சொன்னான்?” என்று அதட்டினால்?
– பயிற்சி மாணவர், மதுரை

பதில்: அவன் வருகிறான் என்பதையே நீங்கள் சொல்லக் கூடாது. அழைப்பை மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் விதிவிலக்கு உண்டு. அதை முடிவு செய்வது உங்கள் வேலையல்ல.