சத்திரத்தில் ஜெட் இறங்குமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தில் கணக்குப் பார்க்கிறேன். சொந்த ஊர் கம்பம். முதலாளிக்கு டெல்லி, கான்பூர், துபாய், ரியாத் என்று ஓயாத அலைச்சல். சின்னதாக ஒரு ஜெட் விமானம் வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கிறார். வண்டிப்பெரியாறு சத்திரத்தில்தான் ஓடுபாதை இருக்கிறதே, அங்கேயே இறங்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேகம், வசதி, ஆண்டுச் செலவு எல்லாவற்றையும் விசாரித்துச் சொல்லும்படி என்னிடம் ஒப்படைத்துவிட்டார். நீங்கள் விமானப் பராமரிப்பில் இருந்தவர். என்ன சொல்வது?

– ஒரு வாசகர், அணக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

சத்திரத்தை முதலில் முடித்துவிடுவோம். அங்கே ஜெட் இறங்காது. அது என்.சி.சி. மாணவர்களின் பயிற்சிக்காகப் போட்ட ஓடுபாதை, நீளம் 650 மீட்டர். இரண்டு பேர் உட்காரும் மைக்ரோலைட் விமானம் அங்கே இறங்குவதற்கே 2022 டிசம்பர் ஆகிவிட்டது. அதற்கு முன் வந்தபோதெல்லாம் எதிரே நின்ற மண்மேட்டைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். அதே ஆண்டு ஜூலை மழையில் ஓடுபாதையின் ஒரு பகுதி சரிந்தும் போனது. போதாததற்குப் பக்கத்திலேயே பெரியாறு புலிகள் காப்பகம்.

லைட் ஜெட் எனப்படும் சின்ன ரக ஜெட்களில் பல ஆண்டுகளாக அதிகம் விற்பது பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் நிறுவனத்தின் ஃபீனம் 300. அதன் இப்போதைய வடிவமான 300ஈ, முழு எடையோடு கிளம்ப ஏறக்குறைய 980 மீட்டர் வேண்டும். இந்த அளவு கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், காய்ந்த ஓடுபாதையில் எடுத்தது. சத்திரமோ 3,000 அடிக்கு மேலே இருக்கிறது. உயரம் கூடக்கூட, வெயில் ஏற ஏறக் காற்று மெலிந்துவிடும். இறக்கைக்குப் பிடிப்பு குறையும், இன்ஜினுக்கு மூச்சு குறையும், ஓட வேண்டிய தூரம் நீளும். அந்த 980 மீட்டரிலும் ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் இன்ஜின் நின்றுபோனால் பிரேக் பிடித்து நிற்க இடம் இருக்க வேண்டும், அல்லது மிச்சமிருக்கும் ஒரே இன்ஜினில் மேலே ஏற முடிய வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பிசி-24 மண் தரையில்கூட இறங்குமாமே என்று அடுத்து யாராவது வருவார்கள். உண்மைதான். ஆனால் அதற்கும் 900 மீட்டருக்கு மேல் வேண்டும்.

ஆகவே உங்கள் முதலாளிக்கு மதுரை அல்லது கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிதான். மதுரை ஓடுபாதை 2,286 மீட்டர், கொச்சி 3,400. இரண்டிலும் லைட் ஜெட் தாராளமாக இறங்கும். கொச்சியில் 2022 டிசம்பரிலிருந்து தனி விமானங்களுக்கென்றே ஒரு முனையம் இருக்கிறது. ஆனால் மலையிலிருந்து கொச்சிக்குக் காரில் நான்கு மணி நேரம். அங்கிருந்து டெல்லிக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள். மலைப்பாதையை எந்த விமானமும் சுருக்கித் தராது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃபீனம் 300 மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் போகும், 45,000 அடி வரை ஏறும். டிக்கெட் எடுத்துப் போகும் பெரிய விமானமும் ஏறக்குறைய அதே வேகம்தான். மிச்சமாவது காத்திருக்கும் நேரம். கொச்சியிலிருந்து டெல்லிக்கும் துபாய்க்கும் நேரடி விமானங்கள் இருக்கும்போது அதில் பெரிய லாபமில்லை. காலையில் கான்பூர், மதியம் இந்தூர், ராத்திரி வீடு என்று போக வேண்டியிருந்தால் அங்கேதான் சொந்த விமானத்தின் அருமை தெரியும்.

தூரத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். 300ஈ-யின் விற்பனைத் தாளில் 2,010 கடல் மைல் என்று போட்டிருக்கும், சுமார் 3,720 கிலோமீட்டர். இருக்கை நிரம்பினால் அது குறையும். கொச்சி–துபாய் ஏறக்குறைய 2,780 கிலோமீட்டர், கவலையில்லை. ரியாத் 3,500-ஐத் தாண்டுகிறது. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து எதிர்க்காற்று பலமாக இருக்கும். ஏலக்காய் சாம்பிள் பெட்டிகளோடு ஆறு பேர் ஏறினால் வழியில் எங்காவது இறங்கி எரிபொருள் போட்டுக்கொள்வதாகவே கணக்கு வையுங்கள். விலை குறைவு என்று ஹோண்டாஜெட் எலீட் பக்கம் போனால் துபாய்க்கே நேராகப் போக முடியாது, அது எட்டும் தூரம் 2,660 கிலோமீட்டர்தான்.

அடுத்தது வசதி. ஃபீனம் 300-இன் உள்ளே நடைபாதையில் உயரம் ஒன்றரை மீட்டர். உங்கள் முதலாளி சராசரி உயரம் என்றாலும் குனிந்துதான் போக வேண்டும். எதிரெதிரே நான்கு இருக்கைகள், பக்கச் சுவரிலிருந்து இழுத்து விரிக்கும் மேசை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் காலை நீட்டினால் இவர் மடக்க வேண்டும். பின்னால் கதவு போட்ட சின்னக் கழிவறை இருக்கிறது, வயதானவர்களோடு போகும்போது அதுதான் பெரிய நிம்மதி. 45,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 6,600 அடி உயரத்துக்கு உரியதாகத்தான் இருக்கும், கொடைக்கானலைவிடச் சற்றுக் கீழே. மலையில் வாழ்கிறவருக்கு அது ஒன்றும் தெரியாது. மூன்று மணி நேரத்துக்கு இந்த அறை போதும், ஐந்து மணி நேரம் என்றால் முதுகு பேச ஆரம்பித்துவிடும்.

சரி, பணம். புதிய ஃபீனம் 300ஈ ஒரு கோடி டாலருக்கு மேல். 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகு சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், வாடகைக்கு ஓட்டும் அனுமதியோடு கொண்டுவந்தால் 5 சதவீதம். இந்த வித்தியாசத்தைப் பார்த்ததும் சிலருக்கு ஆசை வரும். நம் ஊரில் சொந்த போர்டு காரை வாடகைக்கு ஓட்டக் கூடாது என்பது போலத்தான் இங்கேயும். தனியார் பதிவில் இருப்பதைக் காசு வாங்கிக்கொண்டு ஓட்ட முடியாது. வாடகை அனுமதி வாங்கிவிட்டு வீட்டு உபயோகத்துக்கே வைத்துக்கொண்டதாகச் சுங்கத்துறை போட்ட வழக்குகளும் உண்டு. கணக்கில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். அந்த வழிக்கு உடன்படாதீர்கள்.

வாங்கும் விலையைவிட என்னைப் பயமுறுத்துவது விமானம் சும்மா நிற்கும் நாட்கள். பறந்தாலும் பறக்காவிட்டாலும் இரண்டு பைலட்களுக்குச் சம்பளம், அவர்களுடைய சிமுலேட்டர் பயிற்சிக்குப் பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணம், காப்பீடு, விமானத்தை நிறுத்தும் ஹேங்கர் கொட்டகைக்கு வாடகை, காலக்கெடு வைத்துச் செய்யும் சோதனைகள். இதையெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 5 கோடி என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 100 மணி நேரம் பறந்தால் எரிபொருள் ஊற்றும் முன்பே மணிக்கு 5 லட்சம். 400 மணி நேரம் பறந்தால் ஒன்றேகால் லட்சம். அதற்கு மேல்தான் மணிக்கு 600, 700 லிட்டர் எரிபொருள், பிறகு பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று கட்டிவரும் இன்ஜின் பராமரிப்புத் தொகை. அதைக் கட்டாமல் விட்டுவிட்டு இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சீராக்கும் ஓவர்ஹால் செலவு மொத்தமாக வந்து நிற்கும்போது விழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு இதுதான் முக்கியம். பைலட் "இன்று வேண்டாம்" என்றால் முதலாளி கேட்பாரா? உங்கள் பக்கத்து ஜூன், ஜூலை மழை உங்களுக்குத் தெரியும். பெரிய நிறுவன விமானத்தில் பைலட்டுக்குப் பின்னால் ஒரு அலுவலகமே நிற்கும். சொந்த விமானத்தில் சம்பளம் கொடுப்பவரே பின் இருக்கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். 2023 செப்டம்பரில் விசாகப்பட்டினத்திலிருந்து மும்பை வந்த லியர்ஜெட் 45 ஒன்று கனமழையில் ஓடுபாதையை விட்டு விலகி உடைந்தது. உள்ளே இருந்த 8 பேரும் பிழைத்தது பெரிய விஷயம். ஈர ஓடுபாதை யாருடைய அவசரத்துக்கும் இரங்காது. பைலட்டின் முடிவில் நான் தலையிட மாட்டேன் என்று முதலாளி வாயால் சொல்ல வேண்டும், பைலட்களின் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அது முடியாதென்றால் அவர் விமானம் வாங்கவே கூடாது என்பேன்.

இப்போதைக்கு வாடகை விமானத்தில் ஒரு வருடம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அது நிற்கும் ஊரிலிருந்து காலியாக மதுரைக்கோ கொச்சிக்கோ வந்து சேரும் செலவையும் உங்களிடம்தான் வாங்குவார்கள், அதனால் முழுத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் பறந்த மணி, ஏறியவர்கள், டிக்கெட் எடுத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வருடக் கடைசியில் 200 மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் அந்த நோட்டை அப்படியே முதலாளி முன்னால் வைத்து, வாங்க வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மேலே போனால் எனக்கு எழுதுங்கள், எந்த மாடல் என்று அப்புறம் பேசுவோம்.

அன்புடன்.