எலக்ட்ரானிக்ஸ் சாமான் எதுவும் இல்லாமல், வெறும் தாளிலேயே டிஜிட்டல் லாஜிக் கற்றுக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். ஆரம்பத்தில் பிரெட்போர்டும் (கம்பி செருகிச் சுற்று அமைக்கும் பலகை) ஐசியும் (சிப்) கையில் இல்லாமல் இருப்பதே நல்லது என்பேன். விளக்கு எரியவில்லை என்றால் லாஜிக் தப்பா, கம்பி லூசா என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். தாளில் கம்பி கழலாது. ஜார்ஜ் பூல் 1854-இல் லாஜிக்கைக் கணக்காக எழுதியபோது எலக்ட்ரானிக்ஸ் என்ற ஒன்றே கிடையாது. ரிலே ஸ்விட்சுகளுக்கு இது பொருந்தும் என்று கிளாட் ஷானன் காட்டியது 1937-இல்தான்.

ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் இந்தப் பாடம் எடுக்கிறேன். கேட் (0, 1-ஐ வாங்கி ஒரு விடை தரும் சுற்று) படத்திலிருந்து தொடங்குவதில்லை. எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விதி. அதை அப்படியே ட்ரூத் டேபிளாக, அதாவது எந்த உள்ளீட்டுக்கு என்ன விடை என்ற பட்டியலாக, போடச் சொல்வேன்.

ஞாயிறு 000, திங்கள் 001, செவ்வாய் 010 என்று போனால் சனி 110. மூன்று இலக்கங்களையும் இடமிருந்து அ, இ, உ என்று வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகு போகும் நாளுக்கு 1, போகாத நாளுக்கு 0. ஏழு வரி முடிந்ததும் 111 மிஞ்சும். "சார், எட்டாவது கிழமையே கிடையாதே, இதுக்கு என்ன போட?" என்று யாராவது கேட்பார்கள். அங்கே X போடுங்கள். அதுதான் டோன்ட் கேர்: வராத நிலை, நமக்கு வசதியானபடி 0 என்றோ 1 என்றோ எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, அந்தப் பட்டியலைச் சின்னச் சூத்திரமாகச் சுருக்கும் கார்னோ வரைபடம். இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு கட்டம். மேல் வரிசை அ = 0, கீழ் வரிசை அ = 1. கட்டங்களின் தலையில் இ, உ இரண்டையும் 00, 01, 11, 10 என்ற வரிசையில் எழுத வேண்டும். 11-க்கும் 10-க்கும் இடம் மாறினால் எல்லாம் போச்சு, ஏனென்றால் பக்கத்துக் கட்டத்துக்குப் போகும்போது ஒரே ஒரு இலக்கம்தான் மாறலாம்.

மேல் வரிசை: 0, 1, 1, 0
கீழ் வரிசை: 0, 0, X, 1

மேலே நடுவிலுள்ள இரண்டு 1-ஐயும் ஒரு வட்டம். கீழே X-ஐ 1 என்று எடுத்துக்கொண்டு சனியோடு சேர்த்து இன்னொரு வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் மாறாத இலக்கங்களை மட்டும் எழுதினால் விடை: அ′உ + அஇ (′ என்றால் 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் திருப்பியது, சேர்த்து எழுதினால் ஆண்ட், அதாவது இரண்டும் 1, + என்றால் 'அல்லது'). இதை வாயால் படித்துப் பாருங்கள்: அ 0 என்றால் உ-வைப் பார், அ 1 என்றால் இ-யைப் பார். புத்தகம் தனி அத்தியாயம் போட்டுச் சொல்லும் மல்டிப்ளெக்சர் இதுதான். தேடிப் போகாமலே கிடைத்துவிட்டது.

இதை நாண்ட் கேட்டாக (எல்லா உள்ளீடும் 1 என்றால் மட்டும் 0 தரும் கேட்) மாற்ற, ஆண்டையும் 'அல்லது'வையும் ஒன்றிலிருந்து மற்றதாக மாற்றும் டி மார்கன் விதி. மனிதர் 1806-இல் பிறந்தது நம் மதுரையில்தான். அ-வைத் திருப்ப ஒரு நாண்ட், இரண்டு வட்டத்துக்கும் ஒவ்வொன்று, கடைசியில் சேர்க்க ஒன்று, ஆக நாலு. 7400 என்ற ஐசிக்குள் இருப்பதும் சரியாக நாலு நாண்ட். ஒரு வாரத்து விசைப்படகு அட்டவணையை ஒற்றை ஐசியில் அடக்கியாயிற்று, கடைக்கே போகாமல்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்தால் டேபிள் 32 வரி ஆகும். எழுதாதீர்கள். இரண்டையும் திருப்பி, இருக்கிற விடையோடு ஆண்ட் செய்தால் போதும்.

தாளின் உண்மையான லாபம் லாட்ச் (ஒரு 0 அல்லது 1-ஐ நினைவில் வைக்கும் சுற்று) போடும்போது தெரியும். இரண்டு நார் கேட்டை (எல்லா உள்ளீடும் 0 என்றால் மட்டும் 1 தரும் கேட்) பெரிதாக வரைந்து, ஒன்றின் வெளியீட்டை மற்றதன் உள்ளே குறுக்காக இணையுங்கள். மிஞ்சும் இரண்டு உள்ளீடுகளில் ஒன்று செட், மற்றது ரீசெட். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு சோழி வையுங்கள். வாய் மேலே பார்த்தால் 1, கவிழ்ந்திருந்தால் 0. ரீசெட் சோழி கவிழ்ந்தே இருக்கட்டும், செட் சோழியை நிமிர்த்துங்கள். அது போய்ச் சேரும் கேட்டின் வெளியீடு கவிழும். அதனால் மற்ற கேட்டுக்கு இரண்டு உள்ளீடும் 0, அதன் வெளியீடு நிமிரும். இப்போது செட்டைக் கவிழ்த்துவிடுங்கள். வேறு எந்தச் சோழியும் அசையாது. நினைவு என்பது கம்பிக்குள் எங்கோ நடக்கும் மாயம் இல்லை என்று பிள்ளைகளுக்குப் பிடிபடுவது இந்த இடத்தில்தான்.

செட், ரீசெட் இரண்டையும் நிமிர்த்தி, ஒரே சமயத்தில் கவிழ்த்தும் பாருங்கள். இரண்டு கேட்டையும் ஒன்றாகக் கணக்கிட்டால் வெளியீடுகள் இரண்டும் 1, அப்புறம் இரண்டும் 0, மறுபடி 1 என்று ஓயாமல் புரளும். ஒரு கேட்டை முந்திக் கணக்கிட்டால் அந்தப் பக்கம் நிற்கும். இந்த நிலை ஏன் கூடாது என்று அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை.

லாட்ச் கைவந்ததும் அதே கிழமைகளை எண்ணும் கவுண்டர் போடுங்கள்: 110-க்கு அடுத்து 000. ஒவ்வொரு இலக்கத்துக்கும் 'நாளைய மதிப்பு' என்று தனித்தனி வரைபடம். அ-வுக்கு அஇ′ + இஉ வரும், மற்ற இரண்டையும் நீங்களே போடுங்கள். முடித்ததும், வரவே வராது என்று ஒதுக்கிய 111-இல் கவுண்டரை வைத்து ஒரு அடி நகர்த்துங்கள். X-ஐ வட்டத்துக்குள் சேர்த்திருந்தால் வியாழனில் போய் விழும். அதை 0 என்று எடுத்திருந்தால் ஞாயிறு. எங்கே விழுந்தாலும் வாரத்துக்குள் வந்துவிடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 111-லேயே மாட்டிக்கொண்டு சுற்றினால் அந்த வரைபடத்தை மாற்றிப் போட வேண்டும்.