அப்பாவின் மைவியில் ஒலித்த ஹாக்கிக் கதை

கேள்வி: வயது 24. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. ஐஸ் ஹாக்கி ஆண் வீரர்கள் இருவர் ஒருவரையொருவர் காதலிக்கும் ஆங்கில ஒலிநூல் தொடர் ஒன்றை ஆடிபிள் என்ற ஒலிநூல் ஆப்பில் கேட்டு வருகிறேன். முதல் இரண்டு பாகங்கள் சந்தாவிலேயே கிடைத்தன. மூன்றாவதற்கு கிரெடிட் (சந்தாவோடு வரும், ஒரு நூலை வாங்க உதவும் டோக்கன்) கேட்கிறது. டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் அண்ணன், ஒன்பது பாகங்களும் உள்ள 'ரெடி அக்கவுண்ட்' 25 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? சந்தாவை நிறுத்தினால் என் புத்தகங்கள் போய்விடுமா? போன வாரம் அப்பாவின் மைவி காரில் ஏறியதும் புளூடூத் தானாகவே கதையைப் போட்டுவிட்டது. நல்லவேளை, ஆட்டக் காட்சி. அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. இதைக் கேட்பதே குற்றமா என்றும் ஒரு சந்தேகம். (பெயர் வேண்டாம்)

பதில்: காரிலிருந்தே தொடங்குவோம் தம்பி, அது இரண்டு நிமிட வேலை. ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் புளூடூத் பட்டியலில் அப்பாவின் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பற்சக்கரக் குறி இருக்கும். அதைத் தொட்டால் அழைப்புக்கு ஒரு சுவிட்ச், மீடியா ஆடியோவுக்கு ஒரு சுவிட்ச் தெரியும். மீடியாவை மட்டும் அணைத்துவிடுங்கள். அம்மா கூப்பிட்டால் ஸ்பீக்கரில் கேட்கும், கதை கைப்பேசியைத் தாண்டாது. வண்டித் திரையில் நூலின் தலைப்பு ஓடுவதும் நின்றுவிடும். ஐபோன் என்றால் வண்டியையே பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள், பெரிய இழப்பில்லை.

இப்போது கடை அண்ணன். வாங்காதீர்கள்.

25 வெள்ளி போய்விடுமே என்று சொல்லவில்லை. ரெடி அக்கவுண்ட் என்றால் என்ன? அவர் திறந்த மின்னஞ்சல், அவர் போட்ட கடவுச்சொல். உங்களுக்குக் கிடைப்பது சாவியின் நகல்தான், அசல் அவரிடமே இருக்கும். ஆப்பைத் திறந்தால் எந்த நூல், எந்த அத்தியாயம், இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்பதெல்லாம் வரிசையாக நிற்கும். நீங்கள் பார்ப்பதையெல்லாம் அவரும் பார்ப்பார். கோலாலம்பூரில் முகம் தெரியாத ஒருவர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். உங்கள் ஊரில் அந்த அண்ணன் உங்கள் மாமாவோடு கோயில் கமிட்டியில் இருப்பார்.

2019-இல் அக்கா மகனுக்காக நானே இப்படி ஒரு கணக்கு வாங்கி ஏமாந்தவன்தான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன்! துப்பறியும் நாவல்கள். மூன்றாவது வாரம் கடவுச்சொல் மாறிவிட்டது. கேட்டால், 'சர்வீஸ்' 15 வெள்ளி என்றார் விற்றவர். கட்டினேன். அடுத்த மாதம் கணக்கே இல்லை, அவர் எண்ணும் இல்லை. துப்பறியும் கதைதானே என்று தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். உங்கள் விஷயத்தில், விற்றவர் 15 வெள்ளியோடு நிறுத்திக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை. புரிகிறதா?

நுகர்வோர் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் மனுவில் விற்றவரின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். கடை அண்ணனுக்காவது முகவரி உண்டு, டெலிகிராமில் பூனைப் படம் வைத்துக்கொண்டு விற்கிறவருக்கு முகவரி எங்கே போய்த் தேடுவது? இந்தக் கேள்வியை நான் கேட்காத கூட்டம் இல்லை. குறித்துக்கொள்கிறார்கள், தேநீர் தருகிறார்கள்.

பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். அக்கா மகன் அதையும் ஒருமுறை முயன்றான். கொலை செய்தவனும் கண்டுபிடித்தவனும் ஒரே இயந்திரக் குரல்! உங்கள் மாதிரித் தொடர்களில் பாதிச் சுவையே வாசிப்பவரின் குரலில்தான். பல நூல்களில் நாயகர்கள் இருவருக்கும் இரண்டு பேர் மாறி மாறி வாசிப்பார்கள். அது போய்விட்டால் மிச்சம் என்ன?

சரி, சந்தா. கிரெடிட் கொடுத்தோ காசு கொடுத்தோ வாங்கிய நூல், சந்தாவை நிறுத்தினாலும் உங்கள் நூலகத்தில் இருக்கும். ஆனால் செலவழிக்காத கிரெடிட் போய்விடும். ஆகவே முதலில் கிரெடிட்டைத் தீர்த்துவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். நிறுத்தாமல் சேர்த்து வைத்தாலும் ஒரு கிரெடிட்டின் ஆயுள் ஒரு வருடம்தான்.

உங்களுக்கு இடிக்கப்போவது வேறு இடத்தில். முதல் இரண்டு பாகங்கள் 'சந்தாவிலேயே கிடைத்தன' என்கிறீர்கள். அவை உங்களுடையவை அல்ல. நூலகத்தில் மற்ற நூல்களோடு அதே அட்டைப்படத்துடன் உட்கார்ந்திருப்பதால் வாங்கியது போலவே தெரியும். சந்தா இருக்கும்வரை கேட்கலாம், அவ்வளவுதான். சந்தா இருக்கும்போதே நிறுவனம் அந்த நூலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலும் போச்சு. கைப்பேசியில் பதிவிறக்கி வைத்திருக்கிறேனே என்றால், அதுவும் திறக்காது. அண்மையில் வந்த மலிவான ஸ்டாண்டர்ட் திட்டத்திலும் இதே கதை: மாதம் ஒரு நூலை நீங்களே தேர்ந்தெடுப்பீர்கள், சொந்தமானது போலவே இருக்கும், சந்தா போனால் நூலும் போகும். ஒரு நூலைத் திரும்பத் திரும்பக் கேட்பேன் என்றால் அதைக் கிரெடிட்டில் வாங்குங்கள். மறுபடி கேட்க மாட்டேன் என்றால் கிடைக்கும்போதே கேட்டு முடியுங்கள். இதைப் படித்துவிட்டும் 'வாங்கிய புத்தகம் காணோம்' என்று எழுதப்போகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இத்தனை நீளம்.

ஆடிபிளின் அமெரிக்கக் கடையில் ஒரு கிரெடிட் திட்டம் மாதம் 14.95 டாலர், நம் காசுக்கு ஏறக்குறைய அறுபது ரிங்கிட். ஒன்பது பாகம், ஒன்பது மாதம் என்று மலைக்க வேண்டாம். இந்த வகைத் தொடர்களில் பெரும்பாலும் ஒவ்வொரு பாகமும் அதே அணியில், அதே லீகில் உள்ள வேறொரு ஜோடியின் கதை. கோல்கீப்பர் ஒரு பாகம், கேப்டன் ஒரு பாகம். உங்களுக்குப் பிடித்த ஜோடி எந்தப் பாகத்தில் என்று பார்த்து அதை மட்டும் வாங்குங்கள். தொடரில் எங்காவது அதே ஜோடி மறுபடி வரும், அதையும் சேர்த்தால் இரண்டு மூன்று கிரெடிட்டில் முடிந்துவிடும். ஒரு பாகம் அமெரிக்கக் கடையில் இருந்து இங்கிலாந்துக் கடையில் இல்லாமல் போகலாம். ஒலி உரிமையை நாடு நாடாகக் கூறு போட்டு விற்கிறார்கள், கேட்கிற நமக்கு 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று ஒரு வரி. ஒரு கடைக் கிரெடிட் இன்னொரு கடையில் செல்லாது. அதனால் வேறு கடையில் சந்தா எடுப்பதானால், நூல் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

குற்றமா என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 'இயற்கைக்கு மாறான உடலுறவு' என்று அது சொல்லும் செயலைப் பற்றியது, நாவல் கேட்பதைப் பற்றியதல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். அதில் 'வெளியீடு' என்ற சொல்லுக்குள் ஒலிப்பதிவும் அடக்கம். அமைச்சு பெயர் குறிப்பிட்டுத் தடை செய்த வெளியீட்டைத் தகுந்த காரணமின்றி வைத்திருந்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். விற்றாலோ விநியோகித்தாலோ மூன்று ஆண்டு வரை சிறை, 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023-இல் வானவில் நிறக் கைக்கடிகாரங்களையே இந்தச் சட்டத்தின்கீழ்த் தடை செய்தார்கள், ஞாபகம் இருக்கும். உள்துறை அமைச்சின் தளத்தில் தடைப் பட்டியல் இருக்கிறது. உங்கள் தொடரின் தலைப்பைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பது வேறு, அனுப்புவது வேறு. நல்ல காட்சியாக இருக்கிறதே என்று ஒரு நிமிடத் துண்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அதுவும் படுக்கையறைக் காட்சி என்றால், ஆபாசமானதை இணையத்தில் அனுப்புவதைக் குற்றமாக்கும் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு அங்கே காத்திருக்கிறது.

கடைசியாக, மறுபடி சந்தா எடுக்கும்போது இதற்கென்றே ஒரு புது மின்னஞ்சல் திறந்துகொள்ளுங்கள். வங்கி அறிக்கையில் நிறுவனத்தின் பெயர்தான் வரும், நூலின் பெயர் வராது. ஆனால் மின்னஞ்சலுக்கு வரும் ரசீதில் தலைப்பு முழுசாக இருக்கும். வீட்டு டேப்லட்டில் தங்கச்சி கார்ட்டூன் பார்க்கத் திறந்து வைத்திருக்கும் அந்த மின்னஞ்சலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.