மாஸ்க்கைப் படுத்துக்கொண்டு மாட்டிப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் தொண்டை மூடி அடிக்கடி மூச்சு நிற்கிற கோளாறு என்று தெரிந்து, மாஸ்க் வழியாக அழுத்தக் காற்று அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கிற சிபேப் மெஷினும் வாங்கி, நாலு நாள் மாட்டிவிட்டுப் பீரோ மேல் ஏற்றிவிட்டவர்கள் எழுதியவை. படிக்கப் படிக்க மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவ்வளவு பணம் போட்டு வாங்கிய மெஷின், மாஸ்க் வாரை ஒரு பிடி அதிகமாக இழுத்துக் கட்டியதால் தூசி படிந்து கிடக்கிறது. நான் பதினோரு வருடமாக உறக்க ஆய்வுக்கூடத்தில் இரவு ஷிப்ட் டெக்னீஷியன். பிரஷரைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது, அதற்குள் நான் போகவில்லை. மாஸ்க், தலையணை, குழாய், படுக்கிற விதம் இவை என் வேலை, ராத்திரி ராத்திரி பார்த்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 54. மல்லாந்து படுத்தால் மாஸ்க் அசையாமல் நிற்கிறது, ஆனால் காலையில் மெஷின் ஏஹெச்ஐ 11, 12 என்று காட்டுகிறது. ஒருக்களித்துப் படுத்த அன்று 3தான். ஆனால் அப்படிப் படுத்தால் மாஸ்க் நகர்ந்து காற்று கண்ணில் அடிக்கிறது. நான் எப்படித்தான் படுப்பது? – திருச்சி வாசகர்

பதில்: ஒருக்களித்தே படுங்கள், உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. ஏஹெச்ஐ என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்கிற கணக்கு, குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் ஒன்று என்று எண்ணுவோம். மெஷின் போட்ட பிறகு அது 5-க்குள் வந்தால் நல்லது. மல்லாந்து படுக்கும்போது நாக்கும் மேலண்ணத்தின் பின்பக்கச் சதையும் தம் எடையாலேயே தொண்டைப் பக்கம் சரிகின்றன. இதைத் திரையில் பார்த்தால் உங்களுக்கு மறக்காது. மூச்சுக் கோடு அலை அலையாக வந்துகொண்டிருக்கும், ஆள் மல்லாந்ததும் அலை சின்னதாகி, இன்னும் சின்னதாகி, வெறும் கோடாகப் படுத்துவிடும், மார்பும் வயிறும் மட்டும் மூச்சுக்காக இழுத்துக்கொண்டே இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதம் 95, 92, 88 என்று இறங்கும், அப்புறம் பெரிய குறட்டை ஒன்றோடு கோடு துள்ளி எழும். அதே ஆள் இடது பக்கம் திரும்பிப் படுத்ததும் பல பேருக்குப் பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

உங்கள் பழைய உறக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சுபைன் என்று ஒரு வரி இருக்கும், அதுதான் மல்லாந்து படுத்தபோது வந்த எண். மற்ற நிலைகளில் வந்ததைவிட அது இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், உங்களுடையது படுக்கும் நிலையைப் பொறுத்த ஆப்னியா. ரிப்போர்ட்டோடு போய் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், பிரஷரை அமைக்கும்போது அவருக்கு இது முக்கியமான தகவல்.

சரி, மாஸ்க் நகர்வதற்கு வருவோம். கடையில் நாற்காலியில் உட்கார வைத்து மாஸ்க்கை மாட்டி, வாரை இறுக்கி, ‘கச்சிதமாக இருக்கிறது’ என்று அனுப்பிவிடுகிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற முகம் வேறு, படுத்தால் கன்னச் சதை சரிந்து வருகிற முகம் வேறு. அதனால் படுத்துக்கொண்டு, நீங்கள் தூங்குகிற பக்கமே ஒருக்களித்து, மெஷின் ஓடும்போது மாட்டுங்கள். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ரேம்ப், அதாவது பிரஷரைக் குறைவாகத் தொடங்கி மெதுவாக ஏற்றுகிற வசதி வைத்திருந்தால் ஆரம்பத்தில் பிரஷர் பெரும்பாலும் 4-ல் இருக்கும், அப்போது எந்த மாஸ்க்கும் அவ்வளவாக ஒழுகாது. ராத்திரி 12-க்குப் போகும்போதுதான் கண்ணில் அடிக்கும். ரேம்ப்பை நிறுத்திவிட்டு, முழு பிரஷரில் வைத்துச் சரிபாருங்கள். சில மெஷின்களில் இதற்கென்றே மாஸ்க் ஃபிட் என்று ஒரு வசதி இருக்கிறது. வாரைத் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்குங்கள், காற்று போய் சிலிக்கான் மெத்தை உப்பும், அப்படியே மெதுவாக உட்கார விடுங்கள், அது தானாக இடம் பிடித்துக்கொள்ளும். வாருக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். ஒழுகினால் இறுக்குவது என்பதுதான் எல்லோருக்கும் கை போகிற இடம், ஆனால் இறுக்க இறுக்க அந்த மெத்தை நசுங்கி இன்னும் அதிகமாக ஒழுகும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும்.

அடுத்தது தலையணை. கெட்டியான ஃபோம் தலையணை மாஸ்க்கைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. இதற்கென்று பக்கத்தில் வெட்டு வைத்த தலையணைகள் விற்கிறார்கள், விலை அதிகம். நம் வீட்டு இலவம்பஞ்சுத் தலையணை போதும், முஷ்டியால் குத்திக் குழி பண்ணினால் அப்படியே நிற்கும், அந்தக் குழியில் மாஸ்க் இருக்கட்டும், இல்லாவிட்டால் முகத்தைத் தலையணையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து மாஸ்க் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுங்கள். குழாயைத் தலைக்கு மேலே கொண்டுபோய், கட்டில் தலைமாட்டிலோ ஜன்னல் கம்பியிலோ ஒரு பழைய துணிக் கிழிசலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள், இரண்டு பக்கமும் புரள நீளம் விட்டு. பாதி ஒழுகல் குழாய் இழுப்பதால்தான் வருகிறது.

தூக்கத்தில் மறுபடி மல்லாந்துவிடுகிறீர்கள் என்றால், பனியனின் முதுகுப் பக்கம் பை தைத்து டென்னிஸ் பந்து வைப்பது பழைய வழி. வேலை செய்யும், ஆனால் முதுகு வலிக்கிறது என்று நிறைய பேர் சில மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். முதுகுக்கு அணைவாக ஒரு நீளமான உருளைத் தலையணையும், கட்டிப்பிடிக்க இன்னொன்றும் வைத்தால் நீடித்து நிற்கும் என்பது என் அனுபவம்.

கேள்வி: இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்தினால் மூச்சு நன்றாக வரும் என்று என் அத்தை சொல்கிறார். நாங்கள் பாய் போட்டுத் தரையில் படுக்கிறவர்கள். – கும்பகோணம் வாசகி

பதில்: உயர்த்துவது நல்லதுதான், ஆனால் தலையை மட்டும் உயர்த்தினால் தாடை மார்பில் போய் முட்டும், கழுத்து மடங்கி மூச்சுக்குழல் இன்னும் குறுகும். மடித்த ஓஸ் பைப்பில் தண்ணீர் வருமா, அதுபோலத்தான். இடுப்பிலிருந்தே சரிவாக ஏற வேண்டும். கட்டிலில் படுப்பவர்கள் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்கலாம். நீங்கள் ஜமுக்காளத்தையும் பழைய போர்வைகளையும் மடித்து, இடுப்புக்கு அடியில் மெல்லியதாக, தோளுக்கு அடியில் கனமாக அடுக்குங்கள், அதன் மேல் பாய், அப்புறம் ஒரே ஒரு தலையணை. அத்தையிடமும் சொல்லுங்கள், அவர் சொன்னதில் பாதி சரி.

தரையில் படுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மெஷினை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு நீங்கள் கீழே படுத்தால், காற்றை ஈரமாக்க மெஷினில் இருக்கிற ஈரப்பதத் தொட்டியின் தண்ணீர் குழாய் வழியாக மாஸ்க்குக்கு இறங்கும். மெஷினும் தரையோடுதான் இருக்க வேண்டும், அடியில் மனைப் பலகை ஒன்று போதும். தரைத் தூசியை இழுக்கும் என்பதால் ஃபில்டரை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: 61 வயதாகிறது. நாற்பது வருடமாகப் போட்டிருக்கிற மூக்குத்தியைக் கழட்டினால்தான் மாஸ்க் பொருந்தும் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. – மதுரை வாசகி

பதில்: கழட்ட வேண்டாம் அம்மா. உங்களுக்குக் கொடுத்திருப்பது மூக்கை முழுக்க மூடுகிற மாஸ்க், அதன் ஓரம் மூக்குத்தி மேல் ஏறி உட்காருகிறது, அதனால்தான் காற்றும் போகிறது, வலியும் இருக்கிறது. மூக்குக்கு அடியில் மட்டும் தொட்டில் மாதிரி உட்காருகிற மாஸ்க்குகள் இருக்கின்றன, அவை மூக்கின் பக்கவாட்டைத் தொடுவதே குறைவு. வாய் திறந்து தூங்குகிறவராக இருந்தால் வாயை மூடி, மூக்குக்கு அடியோடு நின்றுவிடுகிற வகையும் உண்டு. வாங்கிய கடையில் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் படுத்துப் பார்க்க அனுமதிக்காத கடையில் வாங்காதீர்கள். பல்செட் இருந்தால், ராத்திரி எப்படிப் படுப்பீர்களோ, போட்டுக்கொண்டா கழட்டியா, அப்படியே போய் அளவு பாருங்கள், கன்னம் ஒடுங்கினால் அளவு மாறும்.

கேள்வி: மீசை பெரியது. எடுக்க முடியாது. – தேனி வாசகர்

பதில்: எடுக்காதீர்கள். மூக்குத் துவாரத்தில் நுழைகிற நேசல் பில்லோ வகையைக் கேளுங்கள், மீசை மேல் அது உட்காருவதில்லை. மீசைக்கு ராத்திரி எண்ணெய் தடவுகிற பழக்கம் இருந்தால் அதைக் காலைக்கு மாற்றுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன், எண்ணெய் பட்டால் சிலிக்கான் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். முகம் கழுவிவிட்டு மாட்டுங்கள், காலையில் மெத்தையை லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயப் போடுங்கள்.

கேள்வி: பத்து மணிக்கு மாட்டினால் இரண்டு, இரண்டரைக்கு என்னை அறியாமலே கழட்டிவிடுகிறேன். நாலு மணி நேரம் போட்டால் போதும் என்று நண்பர் சொன்னார், சரியா? – கோவை வாசகர்

பதில்: நாலு மணி நேரம் என்பது ஆள் மெஷினைப் பயன்படுத்துகிறாரா என்று கணக்குப் பார்க்க வைத்திருக்கிற குறைந்தபட்ச அளவு, உடம்புக்குப் போதும் என்பதற்கான அளவாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கனவு வருகிற ரெம் உறக்கம் விடியற்காலையில்தான் அதிகம். அந்த நேரத்தில் உடம்புத் தசைகள் கிட்டத்தட்ட முழுக்கத் தளர்ந்துவிடுகின்றன, தொண்டையும் அப்படியே, அதனால் ஆப்னியா பலருக்கு அப்போதுதான் மோசமாக இருக்கும். மெஷின் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில்தான் நீங்கள் கழட்டி வைக்கிறீர்கள்.

ஏன் கழட்டுகிறீர்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். வாய் வறண்டு எழுந்தால் வாய் வழியாகக் காற்று போகிறது, ஈரப்பதத்தைக் கூட்டிப் பாருங்கள், நிற்காவிட்டால் வாயையும் மூடுகிற மாஸ்க். மூக்கடைப்பு என்றால் படுக்கும் முன் உப்புநீர் ஸ்ப்ரே, அதற்கும் சரியாகாவிட்டால் காது மூக்கு தொண்டை டாக்டர். ஒன்றும் இல்லை, மூச்சு முட்டுகிற மாதிரி பயம்தான் என்றால் பகலில் பழகுங்கள். எங்கள் கூடத்துக்கு வந்த ஒரு பெரியவர் மாஸ்க்கைப் பார்த்தாலே கையை உதறுவார். அவரை மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், வார் இல்லாமல் மூக்கில் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் டிவி பார்க்கச் சொன்னேன், எப்போது வேண்டுமானாலும் தானே எடுத்துவிடலாம் என்று அவருக்குத் தெரிந்ததும் தோள் இறங்கியது. ஒரு வாரம் கழித்து வாரைக் கட்டினார், அப்புறம் மத்தியானத் தூக்கம், அப்புறம் இரவு. மூன்று வாரம் ஆனது.

கேள்வி: காலையில் வயிறு பந்து மாதிரி உப்பிவிடுகிறது, ஏப்பமாக வருகிறது. – வேலூர் வாசகி

பதில்: காற்றை விழுங்குகிறீர்கள், மெஷின் போடுபவர்களிடம் இது சாதாரணமாக வருவதுதான். இடது பக்கம் படுங்கள், மேலே கும்பகோணம் வாசகிக்குச் சொன்ன சரிவை அமைத்துக்கொள்ளுங்கள், இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள். மூச்சை வெளிவிடும்போது மட்டும் பிரஷரைக் கொஞ்சம் தளர்த்துகிற வசதி பெரும்பாலான மெஷின்களில் உண்டு, அதை வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மெஷின் வாங்கியிருக்கிறோம். இது ஆக்சிஜன் கொடுக்கிற மெஷின், பழகிவிட்டால் நுரையீரல் அதையே நம்பியிருக்கும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். – சேலம் வாசகர்

பதில்: இது ஆக்சிஜன் மெஷின் இல்லை. உங்கள் அறையில் இருக்கிற அதே காற்றைக் கொஞ்சம் அழுத்தத்தோடு அனுப்புகிறது, அந்த அழுத்தம் தொண்டை மூடாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980-ல் இதை முதலில் நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார், 1981-ல் லான்செட் இதழில் எழுதினார். அதற்கு முன்பு கடுமையான ஆப்னியாவுக்குக் கழுத்தில் துளை போட்டு மூச்சு விட வைத்தார்கள். அப்பாவின் நுரையீரல் எதற்கும் அடிமையாகாது. மெஷினைப் போடாத ராத்திரி குறட்டை திரும்பி வருவது, கண்ணாடியைக் கழட்டினால் எழுத்து மங்குவதைப் போலத்தான். எடை அதிகம் என்றால் அதையும் குறைக்கட்டும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வில், எடை 10 சதவீதம் குறைந்தால் ஏஹெச்ஐ ஏறத்தாழ கால்பங்கு குறையும் என்று கண்டார்கள். குறைந்ததும் தானாக மெஷினை நிறுத்திவிடாமல் மறுபடி பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

கேள்வி: ஏசி போட்டால் குழாயில் தண்ணீர் சேர்ந்து களகளவென்று சத்தம். அப்புறம், கரண்ட் போய்விட்டால் மூச்சு முட்டிவிடுமா என்று மனைவிக்குப் பயம். – சென்னை வாசகர்

பதில்: சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் படும்போது தண்ணீராகிறது. குழாயைப் போர்வைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், அல்லது பழைய காட்டன் சேலையைச் சுற்றித் தையுங்கள், ஏசியை 26-க்கு ஏற்றுங்கள், ஈரப்பத அளவை ஒரு படி இறக்குங்கள். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், போர்த் தண்ணீர் ஊற்றினால் வெள்ளையாக உப்புப் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கிற தண்ணீர் வேண்டாம், நீங்கள் அந்த ஈரத்தைத்தான் மூச்சில் இழுக்கிறீர்கள். மிச்சத் தண்ணீரைத் தினமும் கொட்டிவிடுங்கள்.

கரண்ட் போனால், மூக்கு மாஸ்க் என்றால் வாயால் மூச்சு விடுவீர்கள். முழுமுக மாஸ்க்கில் அதற்கென்றே ஒரு வால்வு இருக்கிறது, காற்று நின்றதும் அது திறந்து வெளிக்காற்றை விடும். உங்கள் மனைவியின் கண் முன்னால் பகலில் ஒருதடவை மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஸ்விட்சை அணைத்துக் காட்டுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகக் கொடுக்கிற சைன் வேவ் வகையாக இருக்கட்டும், கரண்ட் இல்லாத நேரத்தில் ஈரப்பதத்தின் சூட்டை மட்டும் அணைத்துவிடுங்கள், பேட்டரியை அதிகம் குடிப்பது அதுதான்.